இரண்டு கட்டில் அறை

எடையக்கா வெளிநாட்டுச் சுற்றுலா போவது என்று முடிவானது அவளைக் கேட்டு அல்ல. அவள் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவள் கை கழுவ எழுந்து போன இடைவெளியில், எல்லாம் பேசி முடிந்துவிட்டது. ஈரக் கையோடு திரும்பி வந்தவளிடம் தம்பி விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"அக்கா, நீ ஒரு பத்து நாள் எங்கயாவது வெளிநாடு போயிட்டு வா. செலவெல்லாம் என்னோடது. எவ்வளவு ஆகும்னு மட்டும் ஒரு பட்ஜெட் போட்டுக் குடு, போதும்."

எடையக்கா கை துடைக்கத் துண்டு தேடிக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள். துண்டு கிடைத்ததும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பெயர் அவளுக்கு லாரிக்காரர்கள் வைத்தது. ஊருக்கு வெளியே, லாரியை அப்படியே மேலே ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் மேடை ஒன்று இருக்கிறது. பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. அதற்குள் கணினிக்கு முன்னால் பல வருடமாக அவள்தான். சரக்கோடு வரும்போது ஒரு தரம், இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு தரம் லாரியை நிறுத்தி, இரண்டுக்கும் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். டிரைவர் கீழே இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அவர் எடையும் சேர்ந்துவிடும் என்பதால் மைக்கில் "இறங்குங்க" என்பாள். ஒரு நாளில் அவள் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் அதுதான். லாரிக்காரர்கள் எடையக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், முதலாளி தொடர்ந்தார், கடைசியில் தம்பி மகளுக்கே அவள் "எடையத்தை" ஆகிவிட்டாள்.

அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் அம்மாவுக்குப் படுக்கைதான். இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. கடைசி இரண்டு வருடம் பேச்சும் போய்விட்டது. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டு, எடையக்கா பகலெல்லாம் லாரி, ராத்திரியெல்லாம் அம்மா என்று காலத்தை ஓட்டினாள். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது துருவினால் "நேரம் இல்ல" என்பாள், ஏதோ டீ குடிக்க நேரம் கிடைக்காத மாதிரி.

அம்மா போன அன்று அவள் அழவில்லை. வந்திருந்த சொந்தக்காரர்கள் அதைக் கவனிக்கத் தவறவில்லை. கல் நெஞ்சு என்று ஒரு சித்தி வாயைத் திறந்தே சொன்னாள். அந்தச் சித்தி ஒன்பது வருடத்தில் அம்மாவைப் பார்க்க வந்தது மூன்று தரம், அதிலும் ஒரு தரம் மழைக்கு ஒதுங்க வந்தது. அவள் அன்றைக்கு அழுத அழுகையைப் பார்த்தால் மூன்று தெருவுக்குத் துக்கம் மிச்சம் இருந்திருக்கும்.

எடையக்காவும் அழுகை வரும் என்றுதான் காத்திருந்தாள். அது வரவில்லை. அழுகை மட்டுமா, எதுவுமே வரவில்லை. டீயில் சர்க்கரை போடவில்லை என்பது குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவும்போதுதான் தெரிந்தது. பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. ராத்திரி தானாக விழிப்பு வரும். எழுந்து உட்காருவாள். திருப்பிப் படுக்கவைக்க அங்கே யாரும் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி படுத்துக்கொள்வாள். அதில்கூட வருத்தம் என்று ஒன்றும் இல்லை.

தம்பியைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் பம்பு விற்கும் கடை வைத்திருக்கிறான், நன்றாகவே ஓடுகிறது. அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் வியாபாரி கொடுக்கும் எதற்கும் கூடவே இன்னொன்று ஒட்டிக்கொண்டு வரும். அன்று அவன் பழத்தை வெட்டியபடியே மீதியையும் சொன்னான்.

"போயிட்டு வந்தப்புறம் நம்ம வீட்டுலயே வந்து இருந்துடுக்கா. அந்த வீட்டுல தனியா என்ன பண்ணப் போற? வேலையையும் விட்டுடு, எத்தனை நாள்தான் லாரிப் புகையில உக்காருவ? இங்க மாமாவையும் அப்படியே பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும்."

மாமா என்பது அவனுடைய மாமனார். ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. உள் அறையில் கட்டிலில் இருந்தார். தம்பி மனைவி வேலைக்கும் போய்க்கொண்டு, அப்பாவையும் பார்த்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு நடமாடிக்கொண்டிருந்தாள்.

எடையக்கா அதற்கும் "சரி" என்றாள். யோசித்துச் சொன்னதில்லை. மூன்று மாதமாக யார் எதைக் கேட்டாலும் அவள் வாயில் அந்த ஒரு பதில்தான் தயாராக இருந்தது. ஆக, பத்து நாள் ஊர் சுற்றல், அதன் பிறகு கடவுள் விட்ட வழியில் இன்னொரு ஒன்பது வருடம். அன்று அந்த மேசையில் இருந்த யாருக்கும் இந்தக் கணக்கு கண்ணில் படவில்லை, அவளையும் சேர்த்துத்தான்.

செல்போன் ரிப்பேர் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருந்தது டிராவல்ஸ். உள்ளே ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. சுவர் முழுக்கப் பனிமலைப் படங்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்த முகமாகக் கேட்டாள்.

"எந்த நாடு மேடம் போகணும்?"

"எங்க வேணா போகலாம்."

அந்தப் பெண் இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். "சரி, கடல் இருக்கற இடமா, மலை இருக்கற இடமா?"

"மணல்ல சக்கரம் புதையும்" என்றாள் எடையக்கா.

டிராவல்ஸ் பெண்ணின் முகத்தில் சிரிப்பு போய் மரியாதை வந்தது. "ஓ, சக்கர நாற்காலியா மேடம்? அப்ப கடல் வேண்டாம். ஏரி இருக்கற ஊர் ஒண்ணு இருக்கு. கரையைச் சுத்தி நடைபாதை, பலகை மாதிரி சமமா இருக்கும். ஏர்போர்ட்டுலயும் நாற்காலி சொல்லி வச்சிடறேன்."

"ரூம் கீழ்த்தளத்துல வேணும். இல்லன்னா லிஃப்ட் பெருசா இருக்கணும். நாற்காலி உள்ள போனா மட்டும் பத்தாது, திரும்பணும்."

"கண்டிப்பா."

"பாத்ரூம் வாசல்ல மேடு இருக்கக் கூடாது. பிடிச்சுக்கக் கம்பி வேணும். கம்பி வலது கைப் பக்கம் இருக்கட்டும்."

அந்தப் பெண் தட்டச்சு செய்துகொண்டே போனாள். எடையக்காவுக்கு அன்று வாய் சரளமாக வந்தது. கட்டில் இரண்டு வேண்டும், ஒன்று சுவரை ஒட்டி. சாப்பாட்டை மசித்துக் கொடுப்பார்களா என்று கேட்க வேண்டும். மருந்து வைக்க அறையிலேயே சின்ன ஃபிரிட்ஜ். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், ராத்திரியிலும் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு இடம்தான், அதுவும் காலையில். மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம். வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம். எல்லா இடத்துக்கும் டாக்ஸி, அதுவும் கதவு அகலமாகத் திறக்கிற டாக்ஸி. விமானத்தில் கழிவறைக்குப் பக்கத்து இருக்கை.

"ரொம்ப நல்லா யோசிச்சு வச்சிருக்கீங்க மேடம்" என்றாள் டிராவல்ஸ் பெண். "நிறைய பேரு அங்க போய் இறங்கினப்புறம்தான் திருதிருன்னு முழிப்பாங்க."

படிக்கிறவர்களுக்கு இதற்குள் விஷயம் பிடிபட்டிருக்கும். அவளுக்குப் பிடிபடவில்லை. எந்த வாசலைப் பார்த்தாலும் நாற்காலி நுழையுமா என்று அளந்து, எந்த நாற்காலியைப் பார்த்தாலும் இடுப்புக்குத் தாங்கல் இருக்கிறதா என்று சோதித்து ஒன்பது வருடம் பழகின கண் அது. அம்மா இறந்த சேதி அந்தக் கண்ணுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. டிராவல்ஸ் பெண்ணும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. இரண்டு கட்டில், ஒரு சக்கர நாற்காலி என்றால் இரண்டு பேர் என்று அவளாகவே போட்டுவிட்டாள். பாஸ்போர்ட் நகலெல்லாம் பிறகு கொடுத்தால் போதும், வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் இதே விலை என்று சொல்லி, ஒரு காகிதத்தை அச்சடித்துக் கையில் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே காகிதம் தம்பி வீட்டுக்குப் போனது. தம்பி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நேராகக் கடைசி வரிக்குப் போனான். வியாபாரிகள் எல்லோரும் காகிதத்தைக் கீழிருந்து மேலேதான் படிப்பார்கள்.

"யம்மா, இவ்வளவா ஆகும்?" என்றான். பிறகு மேலே போனான். "என்னக்கா, ரெண்டு பேருன்னு போட்டிருக்கு?"

அடுப்படியில் இருந்த தம்பி மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். "யாரு அண்ணி அது? எங்களுக்குத் தெரியாம?" என்று கண்ணைச் சிமிட்டினாள். பல நாள் கழித்து அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

"தப்பாப் போட்டிருப்பாங்க" என்றாள் எடையக்கா.

தம்பி மனைவி விடுவதாக இல்லை. காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, மாப்பிள்ளை யார் என்று கண்டுபிடித்தே தீருவது என்ற ஆர்வத்தோடு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். ரெண்டு கட்டில் அறை. சக்கர நாற்காலி. கம்பி வைத்த குளியலறை. மசித்த உணவு. படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. ஆஸ்பத்திரி வரி வந்தபோது நின்றுவிட்டாள். கரண்டியை மேசையில் வைத்துவிட்டு, எடையக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி... எங்கப்பாவுக்காகவா இதெல்லாம் போட்டீங்க? அப்பாவைக் கூட்டிட்டுப் போகவா?"

எடையக்கா அவளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். ஆனால் இல்லை என்றால் பின்னே யாருக்கு என்று அடுத்த கேள்வி வருமே. தம்பி மனைவியோ அதற்குள் பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அவரு இந்த ஊர் எல்லையைத் தாண்டினதில்ல அண்ணி. நான் அவரு பெத்த பொண்ணு, எனக்கே தோணல. உங்களுக்குத் தோணியிருக்கு பாருங்க."

"அக்கா, நீ சாதாரண மனுஷியே இல்லக்கா" என்றான் தம்பி. அவனுக்கும் குரல் கம்மியிருந்தது. செலவைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

எல்லோருமாக உள் அறைக்குப் போனார்கள். பெரியவர் தலையணையில் சாய்ந்திருந்தார். மகள் அவர் காதருகே குனிந்து, அண்ணியோடு விமானத்தில் ஏரி பார்க்கப் போகிறீர்கள் என்று சொன்னாள். அவர் முகத்தில் அசைவு இருந்த பாதி நடுங்கியது. நல்ல கையைத் தூக்கி ஆட்டினார். வாயிலிருந்து வழவழவென்று ஏதோ ஒலி வந்தது.

"சந்தோஷத்துல பேச்சே வரல அப்பாவுக்கு" என்றாள் மகள்.

பேச்சு போன ஒருத்தியோடு இரண்டு வருடம் பேசிப் பழகியவள் எடையக்கா. அவர் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. "வேணாம்" என்றார். இரண்டு தரம் சொன்னார். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது தம்பி "வெள்ளிக்கிழமை நானே பணம் கட்டிடறேன்" என்றான். அவள் "சரி" என்றாள்.

மறுநாள் காலையில் எடை அறையில், டீ கிளாசுக்கு அடியில் அந்தக் காகிதம் கிடந்தது. செங்கல் லாரி ஓட்டுகிற ஒருவர் உண்டு, ஹாரன் என்று பெயர். மேடையில் ஏறும்போதும் இறங்கும்போதும் காரணமே இல்லாமல் ஹாரன் அடிப்பார். எடைச் சீட்டுக்காக ஜன்னலில் தலையை நுழைத்தவர், தலையை எடுக்காமல் காகிதத்தைப் பார்த்தார்.

"என்னக்கா, ஃபாரின் போறீங்களாம், ரோடெல்லாம் பேசிக்கறாங்க. இதுதான் பிளானா?" என்று கையை நீட்டி எடுத்துக்கொண்டார். உதடு அசைய அசையப் படித்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இது ஊர் சுத்தற பிளானா, இல்ல ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்த டிஸ்சார்ஜ் சீட்டா?"

"ஏன்?"

"ஏனா? மசிச்ச சாப்பாடு, மதியம் தூக்கம், கம்பி... இதுல நீங்க எங்கக்கா இருக்கீங்க?"

பின்னால் நின்ற லாரி பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. தனக்கே ஒருத்தன் ஹாரன் அடிப்பதா என்று அவர் ரோஷத்தோடு திரும்பிப் போனார். எடையக்கா காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள்.

சுவரை ஒட்டிய கட்டில் அம்மாவுடையது. சுவரில் கை வைத்துக்கொண்டால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும். வலது பக்கக் கம்பி அம்மாவுடைய வலது கைக்கு. காலை வெளிச்சத்தில் வெளியே போனால் அம்மாவின் முகம் தெளிந்திருக்கும், மதியத்துக்கு மேல் சிடுசிடுப்பு வந்துவிடும். ராத்திரி டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி, அந்த மாதிரி ஒன்று பக்கத்தில் இல்லாமல் ஒரு தடவை பட்ட பாட்டுக்காக. ஒவ்வொரு வரியிலும் அம்மா உட்கார்ந்திருந்தாள். எடையக்கா அதில் தன்னைத் தேடினாள். இன்னொரு கட்டில் இருந்தது, அவ்வளவுதான். செத்துப்போன அம்மாவை அழைத்துக்கொண்டு வெளிநாடு போகத் தானே உட்கார்ந்து செலவு போட்டிருப்பது அவளுக்குப் புரிந்தது. அந்த இடத்தில் இப்போது தம்பியின் மாமனாரைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், அவர் அளவெடுத்துத் தைத்த சட்டை போலச் சரியாகப் பொருந்துகிறார் என்பதும் புரிந்தது.

அழுகை வரவில்லை. ஆனால் மேடையில் நின்ற லாரிக்கு "இறங்குங்க" என்று சொல்ல மறந்துவிட்டாள். டிரைவரையும் சேர்த்து எடை போட்டுச் சீட்டு வந்துவிட்டது. அதை ரத்து செய்துவிட்டு மறுபடி எடுத்தாள். இத்தனை வருடத்தில் அவளிடம் அப்படி நடந்ததே இல்லை. முதலாளி எட்டிப் பார்த்தார்.

மதியம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு டிராவல்ஸுக்குப் போனாள்.

"இதை மாத்தணும்" என்றாள். "ஒரு ஆளுக்கு. நான் மட்டும்."

டிராவல்ஸ் பெண் எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, காரணம் கேட்காமல் புதுப் பக்கத்தைத் திறந்தாள். நல்ல பெண். "சரி மேடம். முதல்லேர்ந்து வருவோம். உங்களுக்கு என்ன பிடிக்கும்? நடக்கப் பிடிக்குமா, சும்மா உக்காந்திருக்கப் பிடிக்குமா? காலைல சீக்கிரம் எழுந்திருப்பீங்களா?"

எடையக்கா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருந்தால் நாள் முழுக்கச் சொல்லியிருப்பாள். தம்பிக்குப் பிடித்தது, தம்பி மகளுக்குப் பிடித்தது, ஏன், ஹாரன் டீயில் எத்தனை சர்க்கரை போடுவார் என்பதுகூடத் தெரியும். தனக்கு என்று தேடினால் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

"தெரியலம்மா" என்றாள்.

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. டிராவல்ஸ் பெண் பேனாவை உருட்டினாள். "பரவால்ல மேடம். எது வேண்டாம்னாவது சொல்லுங்களேன், அதை வச்சுப் பாப்போம்."

அதற்கு எடையக்காவுக்குப் பதில் தெரிந்தது.

"லிஃப்ட் வேண்டாம்."

"மேடம்?"

"லிஃப்ட் இல்லாத இடமா வேணும். படி நெறைய இருக்கட்டும். குறுகலா இருந்தாலும் சரி. ரூம் உச்சில இருக்கணும். கட்டில் ஒண்ணு, சின்னதா. பாத்ரூம் எங்கயாவது இருந்துட்டுப் போகுது. டாக்ஸி வேண்டாம், பஸ். பஸ்ஸும் வாசல் வரைக்கும் வரக் கூடாது. ஆஸ்பத்திரி பத்தி ஒண்ணும் எழுத வேண்டாம்."

தனக்கு எது பிடிக்கும் என்று தெரியாதே தவிர, படுத்த படுக்கையாக இருக்கிற ஒரு உடம்பை எங்கெல்லாம் கொண்டுபோகவே முடியாது என்று அவளுக்கு மனப்பாடம். ஒன்பது வருடமாக ஓரமாக ஒதுக்கி வைத்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். டிராவல்ஸ் பெண்ணுக்கு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு வாடிக்கையாளர் வாய்த்ததில்லை. தேடித் தேடி, மலைச் சரிவில் பழைய வீடு ஒன்றைப் பிடித்தாள். மூன்றாவது மாடியில் கூரைக்கு அடியில் ஒற்றை அறை.

"மேடம், இதுல தங்கிட்டுப் போனவங்க கன்னாபின்னான்னு திட்டி எழுதியிருக்காங்க. பஸ் ஸ்டாப்ல இருந்து ஏத்தமாம். படி செங்குத்தா இருக்காம். பெட்டியைத் தூக்கிட்டு ஏறவே முடியலையாம்."

"அதையே போடுங்க."

தொகை வந்தது. டிராவல்ஸ் பெண் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். பழைய தொகையில் பாதிகூட இல்லை. எடையக்கா தன் பையிலிருந்து வங்கி அட்டையை எடுத்து, முன்பணத்தை அங்கேயே கட்டினாள். அந்தப் பணம் அம்மாவுக்கு அவசரம் என்றால் வேண்டும் என்று அவள் தொடாமல் வைத்திருந்தது.

வீடு வந்து விளக்கைப் போடுவதற்குள் தம்பியின் போன் வந்தது. முதல் நாளே டிராவல்ஸில் அவன் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்திருந்ததால் புதுக் காகிதம் அவனுக்கும் போயிருந்தது.

"அக்கா, டிராவல்ஸ்ல ஏதோ குளறுபடி பண்ணியிருக்காங்க. ஒரு கட்டில்தான் போட்டிருக்கு."

"குளறுபடி இல்ல. சரிதான்."

"மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாதுன்னு இருக்கேக்கா. மாமா எப்படி ஏறுவாரு?"

"ஏற மாட்டாரு."

"அப்புறம்?"

"நான் மட்டும்தான் ஏறுவேன்."

பின்னணியில் தம்பி மனைவி "என்னவாம், என்னவாம்" என்று கேட்பது காதில் விழுந்தது.

"அக்கா, இவ அவர்கிட்ட சொல்லிட்டா. துணிகூட எடுத்து வச்சுட்டா. அவரு எவ்வளவு ஆசையா இருக்காரு தெரியுமா?"

"அவரு வேணாம்னுதான்டா சொன்னாரு. ரெண்டு தரம் சொன்னாரு. உங்களுக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுது, நான் சொல்லல. அது என் தப்பு."

"சரி, விடு. தனியாவே போ. நான்தானே போகச் சொன்னேன், பணம் கட்டிடறேன்." அவன் குரல் கடையில் கேட்கிற குரலாக மாறியது. "வந்தப்புறம் இங்க வந்துடுவல்ல? அதுல மாத்தம் இல்லையே?"

எடையக்காவின் வாயில் "சரி" வந்துவிட்டது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வரல" என்றாள்.

"ஏன்க்கா? உனக்கு இதெல்லாம் பழக்கம்தானே? அம்மாவை நீ பாத்துக்கிட்ட மாதிரி வேற யாரு பாத்துக்க முடியும்? உன் அளவுக்கு இது யாருக்குத் தெரியும், சொல்லு."

"அது என் அம்மாடா" என்றாள் எடையக்கா. "அதனால பாத்துக்கிட்டேன். அது என் தொழில் இல்ல."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

"பகல்ல நம்ம அம்மாகூட இருந்த பொண்ணு இப்ப வேலை இல்லாமத்தான் இருக்கா. நம்பர் அனுப்பறேன். தங்கமா பாத்துக்குவா. சம்பளத்துல மட்டும் பேரம் பேசாத." மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எனக்கு நீ பணம் கட்ட வேணாம். நானே கட்டிட்டேன். படி ஏறினா மலிவாத்தான் இருக்கு."

போனை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். பயமாக இருந்தது. தம்பி இனிமேல் பேசாமல் போய்விடுவானோ, தம்பி மனைவி காலத்துக்கும் மன்னிக்க மாட்டாளோ, யாருமே இல்லாமல் ஆகிவிடுமோ என்று அப்படி ஒரு பயம். மூன்று மாதத்தில் அவள் உடம்பில் அவளுக்கே தெரிந்த முதல் சங்கதி அதுதான். போன் மறுபடி அடித்தது. தம்பி பெயர் தெரிந்தது. பயத்தோடேயே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எடுக்கவில்லை.